கடை மூடுறப்ப தானா பெக்கப்: சிஸ்டம்டி எப்படி இருக்கு?

ஹட்டன் டவுன்ல போட்டோகொப்பி கடை வச்சிருக்கேன், பில்லு கணக்கெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டர்ல உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஒரு ஓப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டு மரியாடிபிங்கிற டேட்டாபேஸ்ல ஓடுது. சாயங்காலம் மூடுறப்ப பெக்கப் எடுக்கணும், ஆனா கடையில நிக்கிற தங்கச்சிக்கு மஸ்கெலியா பஸ்ஸ புடிக்கிற அவசரம், மறந்துரும் (அவள குறை சொல்ல முடியாது, அந்த பஸ்ஸ விட்டா மழையில நிக்கணும்). அதனாலதான் மெஷின ஓஃப் பண்ணுனா தானா பெக்கப் எடுக்கட்டும்னு சிஸ்டம்டிக்கு (உபுண்டுல ஒவ்வொரு வேலையையும் தொடங்கி நிறுத்துற புரோகிராம்) மாறுனேன், எட்டு மாசமா ஓடுது.

முன்ன பெக்கப் ஸ்கிரிப்ட்ட ஆர்சி.லோக்கல்ங்கிற ஃபைல்ல எழுதி வச்சிருந்தேன், அது ஒன் ஆகுறப்ப மட்டும்தான் ஓடும். க்ரொன்ல (நேரம் குறிச்சு வேலைய ஓட விடுற டூல்) ரீபூட்னு போட்டாலும் அப்படித்தான். சிஸ்டம்டில ஒரே சேர்விஸ் ஃபைல்ல எக்ஸெக்ஸ்டார்ட் (தொடங்குறப்ப ஓடுறது), எக்ஸெக்ஸ்டாப் (நிறுத்துறப்ப ஓடுறது) ரெண்டையும் எழுதிரலாம்.

ஆனா மொத வாரமே ஏமாந்தேன். பெக்கப் ஃபைல்ல நேரத்த பார்த்தா தினமும் காலையில 8.10, சாயங்காலத்து ஃபைல் ஒன்னுகூட இல்ல. டைப் ஒன்ஷாட்னு (ஒரு தடவ ஓடி முடியிற வேலை) போட்டுட்டு ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட் எஸ்னு (முடிஞ்சாலும் ஓடிக்கிட்டு இருக்குறதா வச்சுக்கோன்னு அர்த்தம்) ஒரு வரி போடாம விட்டிருக்கேன், அதனால ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் முடிஞ்ச கையோட ஸ்டொப் ஸ்கிரிப்ட்டும் காலையிலேயே ஓடி முடிஞ்சிருச்சு. இந்த வரிய மறந்துராதீங்க.

எனக்கு ரொம்ப புடிச்சது வரிசைதான். ஆஃப்டர்னு போட்டு மரியாடிபி பேர எழுதுனா ஒன் ஆகுறப்ப டேட்டாபேஸ் முதல்ல, நம்ம ஸ்கிரிப்ட் பின்னாடி, ஓஃப் ஆகுறப்ப அப்படியே தலைகீழா நம்ம பெக்கப் முடிஞ்ச பிறகுதான் டேட்டாபேஸ் நிக்கும். இத கையால ஸ்லீப் (இத்தனை செக்கன் காத்திருன்னு சொல்ற கட்டளை) போட்டு போட்டு பார்த்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

குறைன்னா, நிறுத்துறதுக்கு குடுக்குற டைம் சாதாரணமா 90 செக்கன்தான், என் பென் டிரைவ் ஸ்லோ, ரெண்டு நிமிஷம் எடுக்கும், பாதி ஃபைலோட வெட்டிருச்சு. டைம்அவுட்ஸ்டொப்செக் 5 நிமிஷம்னு போட்டு டீமன்-ரீலோட் (மாத்துன ஃபைல திரும்ப படிக்க வைக்கிற கட்டளை) குடுத்த பிறகு சரியாச்சு. ராத்திரி என்ன நடந்துச்சுன்னு காலையில ஜேர்னல்சிடிஎல் -பி -1 (போன தடவ மெஷின் ஓடுனப்ப பதிவான குறிப்பு) அடிச்சு பார்க்கலாம், அது பெரிய நிம்மதி.

இன்னொன்னு, இடி மழைக்கு திடீர்னு கரண்ட் போனா எந்த ஸ்கிரிப்ட்டும் ஓடாது. யூபிஎஸ்ஸ வயர்ல மாட்டி நெட்வர்க் யூபிஎஸ் டூல்ஸ்ங்கிற சொப்ட்வெயார போட்டா பெட்டரி இறங்குறப்ப அதுவே முறைப்படி ஓஃப் பண்ணும், பெக்கப்பும் வந்துரும். யூபிஎஸ் வாங்குறப்ப பின்னாடி யூஎஸ்பி குத்துற இடம் இருக்கா, அந்த மொடல் அதுல வேலை செய்யுமான்னு பார்த்து வாங்குங்க.