தறியா, மோட்டாரா? சேலம் பள்ளிகளுக்கான தொழிற்கல்விப் பிரிவு

சேலம் மாவட்ட மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினொன்றாம் வகுப்புக்குத் தொழிற்கல்விப் பிரிவு எடுப்பதென்றால், பேச்சு கடைசியில் நெசவா, மின் பொறியியலா என்றுதான் வந்து நிற்கும். அலுவலக மேலாண்மைக்கு ஒரு வகுப்பறை போதும், ஆளும் சேரும். உள்ளூர்த் தொழிலோடு ஒட்டாததால் அதை விட்டுவிடலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது மின் பிரிவு.

இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறிச் சத்தம் இல்லாத தெரு குறைவு. அதனால் நெசவுதான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் தார் (ஊடை நூல் கண்டு) சுற்றுவதையும் பாவு (நீளவாட்டு நூல்) பிணைப்பதையும் அங்குள்ள பிள்ளைகள் வீட்டிலேயே கற்றுக்கொள்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வேலையும் அப்படித்தான். தவிர, பயிற்சிக்கு வெள்ளி வாங்கி வைத்து, அதில் வரும் சேதாரத்துக்குக் கணக்குச் சொல்ல எந்தப் பள்ளியால் முடியும்? தறிக்காரருக்கும் ஜவ்வரிசி மில்காரருக்கும் ஏற்காட்டு எஸ்டேட்காரருக்கும் ஒருசேரத் தேவைப்படுகிறவர், மோட்டார் நின்றால் வந்து பார்க்கிற ஆள்.

இதைவிட முக்கியம் பட்டறையின் பராமரிப்புச் செலவு. ஒரு தறியை இருபது மாணவர்கள் சுற்றி நின்றால், இருவர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பாவு தீர்ந்தால் நூல் வாங்க வேண்டும். ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவோ, அதைத் தள்ளிவிடும் பிக்கரோ தேய்ந்தால் மாற்றும்வரை தறி சும்மா நிற்கும். மின் பிரிவுக்குப் பழைய 1 ஹெச்.பி. மும்முனை மோட்டார்கள் ஐந்தாறு கிடைத்தால் நான்கு பேருக்கு ஒன்று வீதம் கொடுத்து, பழைய காயிலை (செம்புக் கம்பிச் சுருள்) கழற்றிப் புதிதாகக் கட்டப் பழக்கலாம். கழற்றிய செம்புக் கம்பியை எடைக்குப் போட்டால் புதுக் கம்பிச் செலவில் ஒரு பகுதி ஈடாகும். கையாண்ட கம்பியில் மின்காப்பான எனாமல் பூச்சு உரிந்திருக்கும் என்பதால், முதல் சில சுற்றுப் பயிற்சிக்கு மட்டும் அதைக் காடியில் (காயில் உட்காரும் பள்ளம்) இறக்கிப் பழகலாம். அதற்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது.

காயில் கட்டுவதில் கெடுவது பெரும்பாலும் ஆரம்பத்தில்தான். பழைய காயிலை வெட்டுவதற்கு முன்பே மோட்டாரின் பெயர்த்தகட்டு விவரம், காடி எண்ணிக்கை, காயிலின் வீச்சு (எந்தக் காடியிலிருந்து எந்தக் காடிவரை), சுற்றுகள், கம்பி கேஜ் (தடிமன்), இணைப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதை அவசரத்துக்குத் தீயில் பொசுக்கினால் இரும்புத் தகடுகளுக்கு இடையிலான மின்காப்பு போய்விடும். பிறகு எத்தனை முறை கட்டினாலும் மோட்டார் சூடேறும். காடிக்குள் வைக்கும் காப்புத்தாளின் ஓரம் குட்டையாக இருந்தால் பாடியில் ஷாக் அடிக்கும். ஒரு காயில் தலைகீழாக இணைந்தால் மோட்டார் உறுமும், மூன்று முனையிலும் ஆம்பியர் ஒத்துவராது. அதனால் வார்னிஷ் ஊற்றுவதற்கு முன்பே 500 வோல்ட் மெகரில் (மின்காப்பை அளக்கும் கருவி) காப்பையும், தனியே இணைப்புகளையும் பார்த்துவிட வேண்டும். வார்னிஷ் இறுகிய பிறகு பிரிப்பது பெரும்பாடு.

தறிப்பட்டறையில் மோட்டார் எரிவதற்குப் பஞ்சு அடைத்த விசிறி மூடி ஒரு காரணம், ஒரு ஃபியூஸ் போய் இரண்டு முனையில் ஓடுவது இன்னொன்று. இரண்டு முனையில் ஓடும்போது மீதிக் கம்பிகளில் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆம்பியர் ஏறும். ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயைப் பெயர்த்தகட்டு ஆம்பியருக்கு வைக்கத் தெரிந்த பையனோ பெண்ணோ பட்டறைக்கு அன்றைக்கே உபயோகம். ஜவ்வரிசி மில்லில் எதிரி ஈரம்.

மலைமேல் பள்ளிகளுக்கும் இதே பிரிவு என்று அடித்துச் சொல்லத் தயக்கம் உண்டு. ஏற்காட்டில் காபிப் பழம் உரிக்கும் பல்பர் அறுவடைக் காலத்தில்தான் ஓடும். மற்ற மாதங்களில் காயில் ஈரம் குடித்துக் கிடக்கும். சீசனுக்கு முன் சுழலும் பகுதியான ரோட்டரைக் கழற்றி, காயில் இருக்கும் ஸ்டேட்டருக்குள் ஒரு 100 வாட் குண்டு பல்பை இரவு முழுக்க எரியவிட்டு மெகர் பார்க்கும் வேலை நிச்சயம் இருக்கிறது. வருடம் முழுக்கச் சோறு போடுமா என்பதுதான் கேள்வி. அங்கே வீட்டு வயரிங்கையும் தண்ணீர் மோட்டாரையும் சேர்த்துக் கற்றுத்தருவது நல்லது.

நெசவுக்கும் ஒரு இடத்தில் கை ஓங்கும். நாடா இல்லாத ரேபியர் தறி, சேலை வடிவங்களைக் கணினி வழி நெய்யும் எலக்ட்ரானிக் ஜக்கார்டு இறங்கியிருக்கும் பட்டறைகள் பக்கத்தில் இருந்து, வாரம் ஒரு நாள் மாணவர்களை உள்ளே விட முதலாளிகள் சம்மதித்தால், பள்ளி தறியே வாங்க வேண்டாம். சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிரிவைத் தொடங்குங்கள். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் முதலில் அடைபடுவது மாணவர்களுக்கான கதவுதான்.