நூறு கிலோமீட்டர் உயரத்து ஆற்றை எங்கே நின்று அளப்பது?

வட நார்வேயின் வானத்தில் துருவ ஒளி கொழுந்துவிட்டு ஆடும் இரவுகளில், தரையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு மேற்காக ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பெரிய காந்தப் புயல் அடித்தால் அது பத்து லட்சம் ஆம்பியரை எட்டும். ‘அரோரா எலெக்ட்ரோஜெட்’ என்று பெயர். அளப்பவர்களுக்குத் தலைவலி அதன் உயரம்தான். பலூன் அதில் பாதிகூட ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ வந்தால் காற்று இழுத்துக் கீழே தள்ளிவிடும். ராக்கெட் மட்டும் உள்ளே நுழையும், அதுவும் சில நிமிடங்களுக்கு. எனவே தரையில் காந்தமானி, சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள், தரையிலிருந்தே உயரத்தைத் துழாவும் ரேடார் என மூன்று வழிகள் பல ஆண்டுகளாகப் போட்டி போடுகின்றன. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எதை வைத்துக்கொள்வது?

காந்தமானியில் தொடங்குவோம். மூன்றிலும் எளிய கருவி இதுதான். இரும்பு கலந்த உலோகக் கருவைச் சுற்றிக் கம்பிச்சுருள், அதில் மாறுதிசை மின்சாரம். வெளியிலிருக்கும் காந்தப்புலம் அந்த ஆட்டத்தைச் சற்று ஒரு பக்கம் சாய்க்கும். அந்தச் சாய்வே அளவு. கருவியைவிட அது இருக்கும் குடிலுக்குத்தான் கவனிப்பு அதிகம். மரச்சுவர், செம்பு அல்லது அலுமினிய ஆணி. சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே பூமியின் சொந்தப் புலமே ஐம்பதாயிரம் நானோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) மேல். தேடுவதோ அதன் மேல் வந்துபோகும் சில நூறு நானோடெஸ்லாவை.

நார்வே, சுவீடன், பின்லாந்து தொடங்கி ஸ்வால்பார்ட் தீவுகள் வரை நீளும் ‘இமேஜ்’ என்ற காந்தமானித் தொடர் பத்து விநாடிக்கு ஒரு முறை இந்த அளவைப் பதிகிறது. அதன் வரைபடத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. நிலையத்துக்கு ஒன்றாக, ஒன்றின் கீழ் ஒன்றாக அமைதியான கோடுகள். திடீரென நடுவில் ஒரு கோடு கிணற்றில் விழுந்ததுபோல் சரியும். சில நிமிடங்களில் அதற்கு மேலுள்ள கோடும் சரியும், பிறகு அதற்கும் மேலுள்ளது. மேற்கு நோக்கிய ஓட்டம் தலைக்கு மேல் பிறந்து வடக்கே நகர்வதைத் தாளிலேயே பார்க்கலாம்.

ஆனால் காந்தமானிக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அது ஒரு பெரிய விஞ்ஞானியின் வாழ்நாளையே கடந்து நின்றது. 1902-03 குளிர்காலத்தில் நார்வேயின் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட் நான்கு இடங்களில் காந்தமானி வைத்தார்: வட நார்வே, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன், நோவயா செம்ல்யா. அந்த மின்சாரம் விண்வெளியிலிருந்து காந்தக் கோடுகளின் வழியே இறங்கி, கிடையாக ஓடி, மறுபடி மேலேறுகிறது என்றார். பின்னாளில் ஆங்கிலேய இயற்பியலாளர் சிட்னி சாப்மன் இதை ஏற்கவில்லை. எல்லாம் வளிமண்டலத்துக்குள்ளேயே கிடையாகச் சுற்றுகிறது என்பது அவர் கட்சி. 1917-இல் பிர்க்லாண்ட் டோக்கியோவில் இறந்து நெடுங்காலம் ஆகியும் வழக்கு தீரவில்லை. தீர்ந்திருக்கவும் முடியாது. 1969-இல் அதே டோக்கியோவின் நவோஷி ஃபுகுஷிமா அதற்குக் காரணம் காட்டினார். அந்த உயரத்துக் காற்றின் மின்கடத்துதிறன் எங்கும் ஒரே சீராக இருந்தால், இறங்கி ஏறும் ஓட்டமும் அதை இணைக்கும் கிடை ஓட்டத்தின் ஒரு பகுதியும் தரையில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இருவர் சொன்னதற்கும் தரையில் ஒரே அளவுதான் கிடைக்கும். இதைப் படிக்கும்போதெல்லாம் பிர்க்லாண்டுக்காக மனம் கனக்கிறது. உறைபனியில் அவர் காவல் காத்த கருவிக்கு அவர் பக்கம் சாட்சி சொல்லும் சக்தியே இல்லை.

சாட்சி சொன்னது செயற்கைக்கோள். அமெரிக்கக் கடற்படையின் 1963-38சி என்ற கோள், சுமார் 1,100 கிலோமீட்டர் உயரத்தில் துருவ ஒளி வளையத்தை, அதாவது துருவத்தைச் சுற்றி அந்த ஒளி தோன்றும் பட்டையை, கடக்கும்போதெல்லாம் குறுக்குவாட்டில் ஒரு காந்தக் குலுக்கல் கண்டது. ஆல்ஃபிரட் ஸ்முடாவின் குழு 1966-இல் அதை வெளியிட்டது, காந்த அலை என்று நினைத்து! அடுத்த ஆண்டுதான் அது பிர்க்லாண்ட் சொன்ன ஓட்டம் என்ற விளக்கம் வந்தது. இந்தத் தடுமாற்றம் தற்செயல் இல்லை. கோள் விநாடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. அளவு மாறினால், புலம் மாறியதா, நான் இடம் மாறினேனா என்று ஒற்றைக் கோளால் பிரித்துச் சொல்ல முடியாது. ஐரோப்பா 2013 நவம்பர் 22 அன்று மூன்று ‘ஸ்வார்ம்’ கோள்களை ஏவி, இரண்டைப் பக்கம் பக்கமாகப் பறக்கவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இரிடியம் தொலைபேசிக் கோள்கள் அறுபத்தாறிலும் திசையறிய இருந்த காந்தமானிகளைக் கொண்டு ‘ஆம்பியர்’ என்ற திட்டம் பத்து நிமிடத்துக்கு ஒரு உலகப் படம் தருகிறது. செங்குத்து ஓட்டத்துக்கு இதற்கு மிஞ்சிய வழி இல்லை. கிடை ஓட்டத்துக்கோ, நானூறு கிலோமீட்டருக்கும் மேலே பறக்கும் ஸ்வார்மைவிடத் தரைதான் அதற்குப் பக்கம்.

ரேடாரின் பலம் வேறு. வட நார்வேயின் டிரோம்சோ அருகே 1981 முதல் ‘ஐஸ்காட்’ ரேடார் இயங்குகிறது. தனித்தனி எலெக்ட்ரான்கள் சிதறடிக்கும், இல்லை என்றே சொல்லத்தக்க எதிரொலியை அது பொறுக்கி எடுக்கிறது. அதிலிருந்து எந்த உயரத்தில் எவ்வளவு எலெக்ட்ரான், எவ்வளவு வெப்பம், அயனிகள் எந்த வேகத்தில் நகர்கின்றன என்று தெரியும். மற்ற இரண்டாலும் உயரத்தை இப்படி அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்ட முடியாது. ஏன் ஓடுகிறது என்று கேட்பவருக்கு ரேடார்தான் வேண்டும். ஆனால் அது மின்னோட்டத்தை நேரே அளப்பதில்லை. மின்புலமும் கடத்துதிறனும் கண்டு கணக்குப் போட வேண்டும். மின்சாரச் செலவு அதிகம், ஓடும் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும், பார்ப்பதும் வானத்தின் ஒரு கீற்றை.

அகலமாகப் பார்க்க ‘சூப்பர்டார்ன்’ சிற்றலை ரேடார்கள் உண்டு. துருவத் தொப்பி முழுக்க அயனிகள் எப்படிச் சுழல்கின்றன என்று காட்டும். முழுவானக் கேமரா மலிவு, அழகு; மேகம் வந்தாலும் கோடைச் சூரியன் மறையாவிட்டாலும் வேலைக்கு ஆகாது.

என் ஓட்டு காந்தமானித் தொடருக்கே. காரணம் மின்கட்டமைப்பு. மேலே ஓட்டம் குலுங்கினால் பூமிக்குள்ளும் மின்சாரம் தூண்டப்படும். 1859 காந்தப் புயலில் பாஸ்டன்-போர்ட்லண்ட் தந்தி ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த மின்சாரத்திலேயே செய்தி அனுப்பினார்கள். 1989 மார்ச் 13 அன்று அதே மின்சாரம் கியூபெக் மாகாணத்தின் கட்டமைப்பை ஒன்றரை நிமிடத்தில் சாய்த்தது; அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில். மின்கடத்தாப் பழம்பாறை மேல் உட்கார்ந்த ஊர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், ஸ்காண்டிநேவியாவும் அப்படிப்பட்டதே. கேடு செய்வது தரையில் புலம் மாறும் வேகம். மண்ணில் சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகளைப் புதைத்து மின்னழுத்தத்தையும் சேர்த்து அளந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துபோகும் காரியத்துக்கு, அந்த நேரம் எங்கோ பசிபிக்கின் மேல் பறக்கும் கோளை எப்படி நம்புவது? காந்தமானி ராப்பகலாக விழித்திருக்கிறது.

இந்தத் தீர்ப்பு வடக்குக்கு. தெற்கே, அண்டார்க்டிகா பக்கம், அப்படியே பொருந்தாது. துருவ ஒளி வளையத்தின் பெரும்பகுதி அங்கே கடல் மேலும் பனிப்படலம் மேலும் கிடக்கிறது. பனி நகரும், கருவியும் சேர்ந்து நகரும், குடில் புதைந்துபோகும். அங்கே கோள்கள்தான் அதிகம் சுமக்க வேண்டியிருக்கிறது. காலூன்றப் பாறை கிடைத்த இடங்கள் அதனாலேயே அருமை. ஷிர்மாச்சர் பாறைத்திட்டில் இருக்கும் இந்தியாவின் மைத்ரி நிலையம் அப்படி ஒன்று. அங்கே காந்தமானி வைத்திருக்கும் இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்துக்குத் திருநெல்வேலியிலும் ஓர் ஆய்வகம் உண்டு. பகலில் அதன் தலைக்கு மேல், ஏறக்குறைய அதே உயரத்தில், நிலநடுக்கோட்டு எலெக்ட்ரோஜெட் ஓடுகிறது.