சேஃப்டி சாஃப்ட்வேர் வாங்கப் போறீங்களா? விக்கிறவங்க குடுக்கிற ஆர்ஓஐ ஷீட்டை (போட்ட காசுக்கு எவ்வளவு திரும்பி வரும்ங்கிற கணக்கு) அப்படியே மேல அனுப்பாதீங்க

சேஃப்டி டிபார்ட்மென்ட்ல இருக்கவங்க, அதுவும் இப்போ மேனேஜ்மென்ட் அப்ரூவலுக்கு நோட் ரெடி பண்ணிட்டு இருக்கவங்க இதை முழுசா படிச்சிருங்க.

விபத்து, காயத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற இந்த சாஃப்ட்வேரை எங்களுக்கு வித்த கம்பெனி ஆளு டெமோ முடிஞ்ச கையோட ஒரு எக்செல் ஷீட் அனுப்பினாரு, போன வருஷ விபத்துச் செலவை மட்டும் போடுங்க சார் மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்னு. அது என்ன பண்ணுதுன்னா, நேரடிச் செலவை நாலால பெருக்கி மறைமுகச் செலவுன்னு காட்டுது, அதுல பாதி மொத வருஷமே மிச்சமாம். அந்த நாலு, இன்சூரன்ஸ் கம்பெனில இருந்த ஹெய்ன்ரிச் 1931ல சொன்ன கணக்கு. மெஷின் எவ்வளவு நேரம் நின்னுச்சு, ஓவர்டைம் எவ்வளவு போச்சுன்னு நம்ம ரெக்கார்ட்ல இருந்து எடுக்க வேண்டியதை ஒரே நம்பர்ல முடிச்சிட்டாங்க.

இந்த சாஃப்ட்வேர் இல்லாட்டி, வேலை இடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஸ்டாண்டர்ட் ஐஎஸ்ஓ 45001 ஆடிட்ல மாட்டிக்குவீங்கன்னு வேற பயமுறுத்தினாங்க, பச்சைப் பொய். அந்த ஸ்டாண்டர்ட் ரெக்கார்டைத்தான் கேக்குது, பேப்பர்ல ஒழுங்கா இருந்தாலும் செல்லும்.

வாங்கின அப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. டெமோல காட்டின ஒர்க் பர்மிட் (ஆபத்தான வேலைக்கு முன்னாடி வாங்கற அனுமதி) மாட்யூலுக்குத் தனிக் காசு. சிக்னல் இல்லாத இடத்துல ஆப் திறக்கவே மாட்டேங்குது. லைசென்ஸ் ஆளுக்கு ஒண்ணுங்கிறதால கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு லாகின் கிடையாது, ஆபத்தான வேலை முக்கால்வாசி அவங்கதான் செய்யறாங்க, அவங்களால ஒரு நியர் மிஸ் (மயிரிழையில தப்பின சம்பவம்) கூட பதிய முடியல.

இதை விட என்னால தாங்க முடியாதது வேற. ரிப்போர்ட் பண்றது ஈஸியானா மொதல்ல எண்ணிக்கை ஏறத்தான் செய்யும், இவ்வளவு நாள் மறைஞ்சு கிடந்தது வெளிய வருது, அது நல்லது. ஷீட்ல போட்டிருந்தது என்னவோ மொத மாசத்துல இருந்தே இறங்கும்னு. ஃபைனான்ஸ்ல கிராஃபைப் பார்த்துட்டு காசு செலவு பண்ணியும் ஏன் ஏறுதுன்னு கேக்க, சூப்பர்வைசருங்க சின்னச் சின்ன காயத்தைப் பதியறதையே நிறுத்திட்டாங்க. நாளைக்கு யாருக்காவது கை போச்சுன்னா அதுக்கு முன்னாடி நடந்த எதுவும் ரெக்கார்ட்ல இருக்காது.

இப்போ வெளிய வரலாம்னா டேட்டாவை வெறும் பிடிஎஃப்பா தர்றாங்க, ஃபோட்டோ எதுவும் இல்ல. அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் எந்த ஃபார்மேட்ல வரும், கான்ட்ராக்ட் ஆளுங்க லாகின் இல்லாம பதிய முடியுமா, இந்த ரெண்டையும் எழுத்துல வாங்கிருங்க.