பிளாங்க்டனின் பரிணாம வேகம்: ஓட்டை நம்புவதா, மரபணுவை நம்புவதா?

கடலில் மிதக்கும் பிளாங்க்டன் எவ்வளவு வேகமாகப் பரிணமிக்கிறது என்று கேட்டால் இரண்டு தரப்பு பதில் சொல்ல வரும். ஒன்று கடலடி வண்டலில் கிடைத்த ஓடுகளை எடுத்து வைக்கும், மற்றது இன்று உயிரோடு இருப்பவற்றின் டிஎன்ஏவை. பதில்கள் ஒத்துப்போவதில்லை. இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றன என்று நாம் நினைத்துக்கொள்வதால் வரும் தகராறுதான் இதில் பாதி.

முதலில் ஓடு. டைனோசர் ஆராய்ச்சி என்றால் இங்கே ஒரு எலும்பு, அங்கே ஒரு பல் என்று அலைய வேண்டும்; ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச்செல் உயிரி மாதிரி சுண்ணாம்பு ஓடு கட்டும் பிளாங்க்டனுக்கு அந்தப் பஞ்சமே கிடையாது. 1968இல் குளோமார் சேலஞ்சர் கப்பல் ஆழ்கடலடியைத் துளையிட ஆரம்பித்ததிலிருந்து வண்டல் உருளைகள் குவிந்து கிடக்கின்றன. அதில் ஒரு துண்டை வெட்டிக் கழுவி நுண்சல்லடையில் சலித்தால், மணல் போல மிஞ்சுவதில் பெரும்பகுதி ஓடுகளாகவே இருக்கும்; அவற்றை நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அளக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலில் எடுத்த ஓர் உருளையை வைத்து ஆய்வாளர் மால்ம்கிரென் குழு 1983இல் குளோபோரொட்டாலியா என்ற ஃபோராமினிஃபெரா வகையின் ஓடுகளை இப்படி அளந்தது. நெடுங்காலம் பெரிதாக மாறாமல் இருந்த வடிவம், சுமார் 6 லட்சம் ஆண்டுகளுக்குள் படிப்படியாக வேறொன்றாக மாறி, அப்புறம் மறுபடியும் அடங்கிவிட்டது. நடு நிலைகள் உட்பட மொத்தமும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. மரபணுவால் இதைக் காட்டவே முடியாது.

குறையும் உண்டு. கடலடிப் புழுக்கள் மேல் வண்டலைச் சுமார் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறிக் கலக்கிவிடும். ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே படியும் இடத்தில் இதனால் சில ஆயிரம் ஆண்டுகள் ஒன்றாகக் குழம்பிவிடும், அதைவிட வேகமாக நடந்த மாற்றம் எதுவும் தெரியாது.

சரி, மரபணு. இரண்டு இனங்களின் மரபணு எழுத்துகளில் எத்தனை மாறியிருக்கின்றன என்று எண்ணி, எழுத்து மாறும் வேகத்தால் வகுத்தால் அவை பிரிந்த காலம் வரும். மூலக்கூறு கடிகாரம் என்பது இதுதான். ஆனால் அந்த வேகத்தை யார் சொல்வது? பெரும்பாலும் புதைபடிவம்தான். கடிகாரத்துக்கு நேரம் திருத்திக் கொடுத்ததே எதிர்த்தரப்பு என்னும்போது, இரண்டும் ஒத்துப்போவதைத் தனித்தனிச் சாட்சியமாகக் கொண்டாடுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. போதாக்குறைக்குக் கடிகாரம் ஒரே சீராகவும் ஓடுவதில்லை. ஆய்வாளர் பாவ்லோவ்ஸ்கி குழு 1997இல் ஃபோராமினிஃபெராக்களின் ரைபோசோம் (செல்லில் புரதம் கட்டும் அமைப்பு) மரபணுவைப் புதைபடிவக் காலத்தோடு ஒப்பிட்டபோது, கடலடியில் வாழும் சில இனங்களைவிடச் சில மிதவை இனங்களில் அது 50 முதல் 100 மடங்கு வேகமாக மாறியிருப்பது தெரிந்தது. ஒரே குடும்பத்துக் கடிகாரங்களுக்குள்ளேயே இந்தக் கூத்து.

இரண்டு உயிரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஆர்புலினா யுனிவர்சா ஒரு மிதவை ஃபோராமினிஃபெரா, பளிங்குக் குண்டு போல உருண்டையான ஓடு. ஓட்டைப் பார்த்தவர்களுக்கு அது ஒரே இனம்தான், ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளாக மாறாத உருண்டை. மரபணுவைப் பார்த்தால் உள்ளே மூன்று தனி வகைகள்! ஓட்டின் நுண்துளைகளில் உள்ள வித்தியாசமும் இந்த வகைகளோடு ஒத்துப்போகிறது. உடலைச் சுண்ணாம்புத் தகடுகளால் போர்த்திக்கொள்ளும் நுண்பாசி எமிலியானியா ஹக்ஸ்லேயி இதற்கு நேர்மாறு. அது சுமார் 2.9 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் வண்டலில் தலைகாட்டுகிறது, உறவினமான கெஃபிரோகாப்சா ஓஷியானிகாவிலிருந்து தகடுகளின் வடிவத்தாலேயே பிரித்துச் சொல்லிவிடலாம். ஆனால் வழக்கமாக ஒப்பிடும் 18எஸ் என்ற ரைபோசோம் மரபணு இரண்டிலும் அச்சு அசல் ஒன்றே. ஆக ஓட்டைக் கேட்டால் முதலாவது தூங்குகிறது, மரபணுவைக் கேட்டால் இரண்டாவது.

இன்னொரு பொறி இரு தரப்புக்கும் பொது. குறுகிய காலத்துக்குள் அளந்த வேகம் பொதுவாக அதிகமாகத் தெரியும், நீண்ட காலத்துக்குச் சராசரி எடுத்தால் குறைந்துவிடும், ஏனென்றால் முன்னே போன மாற்றம் பின்னேயும் திரும்புகிறது. ஆயிரம் ஆண்டு மரபணு வேகத்தையும் பத்து லட்சம் ஆண்டு ஓட்டு வேகத்தையும் ஒரே வரைபடத்தில் போட்டிருந்தால் அந்தப் படத்தை நான் நம்பமாட்டேன்.

எதை எடுப்பது? ஓடு கட்டும் கூட்டத்தில் காலத்துக்கு ஓடு, எத்தனை இனம் என்பதற்கு மரபணு. ஓடே இல்லாத புரோகுளோரோகாக்கஸ் என்ற ஒளிச்சேர்க்கை பாக்டீரியா போன்றவற்றில் தேர்வுக்கே இடமில்லை, மரபணுதான் கதி, பிழை வரம்பு பெரிதாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். சிலிக்கா ஓடு கட்டும் நுண்பாசிகளான டயாட்டம்களில் இடையில் ஒரு வழி இருக்கிறது. அவற்றில் ரைசோசொலீனியா வகைகள் உண்டாக்கும் ஒரு தனி ஹைட்ரோகார்பன் (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்த சேர்மம்), சிலிக்கா ஓடு கரைந்துபோன பாறையிலும் எண்ணெயிலும் தங்கிவிடுகிறது. அது எந்தப் பாறையிலிருந்து தென்படத் தொடங்குகிறது என்று தேடி, அந்தக் கிளை சுமார் 9.15 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்று 2004இல் கணக்கிட்டார்கள்.