943 வெள்ளிக்கு நுரை வாங்கிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு பீர் வாசனையே ஆகாது. ஆனாலும் ஜூன் பள்ளி விடுமுறையில் வந்த என் வீட்டுக்காரரின் 50-வது பிறந்தநாளுக்கு இரண்டு கெக் (உலோகப் பீப்பாய்) பீரையும் அதை ஊற்றும் சாமான்களையும் வாடகைக்குப் பேசி முடித்தவள் நான்தான். கணக்குப் பிரிவில் வேலை, பேரம் பேசத் தெரிந்தவள் என்று குடும்பத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இருந்தது.

நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். 45 பேரை உட்கார வைக்க இடமில்லை. புளோக்கின் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்றார் மாமியார். அது பொது இடம். 2015-இல் வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இரவு 10.30-க்கு மேல் காலை 7 மணி வரை அங்கே குடிக்கக் கூடாது. கடைசியில் செங்காங்கில் நாத்தனார் இருக்கும் கொண்டோவின் (தனியார் அடுக்குமாடி) நிகழ்ச்சி அறையை எடுத்தோம். அதுவும் 10.30 வரைதான், ஆனால் யாருக்கும் பயப்பட வேண்டாம்.

குடிக்கிறவர்கள் 25 பேர் என்று கணக்குப் போட்டேன். 20 லிட்டர் கெக் இரண்டு என்றால் 40 லிட்டர். 330 மில்லி டம்ளரில் 120 டம்ளர். ஆளுக்கு ஏறக்குறைய ஐந்து. போதும். இணையத்தில் தேடியபோது ஒரு விளம்பரம் வந்தது. போன் செய்தால் எடுத்தவர் தமிழில் பேசினார். "அக்கா, நம்மாளு நீங்க, உங்ககிட்ட போய் ஏமாத்துவேனா?" என்றார். நான் ஏமாற்றுவீர்களா என்று கேட்கவே இல்லை. அங்கேயே உறைத்திருக்க வேண்டும்.

கெக் ஒன்றுக்கு 210 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பீரைக் குளிர வைக்கும் சில்லர், அதை வெளியே தள்ளும் கரியமில வாயு சிலிண்டர், குழாய் எல்லாம் சேர்த்து வாடகை 120. கொண்டுவந்து கொடுக்க 50. ஆக 590. அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 53 வெள்ளி 10 காசு. டெபாசிட் 300. மொத்தம் 943 வெள்ளி 10 காசு. பேநவ்வில் (கைபேசி வழிப் பணப் பரிமாற்றம்) அனுப்பச் சொன்னார். நிறுவனத்தின் யுஇஎன் என்கிற பதிவு எண்ணுக்கு அல்ல, ஒரு கைபேசி எண்ணுக்கு. திரையில் வேறு யாரோ ஒருவரின் பெயர் வந்தது. அனுப்பிவிட்டேன். நாள் முழுக்க அடுத்தவர் விலைப்பட்டியலைச் சல்லடையாகச் சலிக்கிற நான், என் சொந்தக் காசுக்கு வந்த பில்லைக் கண் கொண்டு பார்க்கவில்லை. அதில் யுஇஎன்னும் இல்லை, வரிப் பதிவு எண்ணும் இல்லை. ஒரு புலிக்குட்டிப் படமும் "நன்றி"யும் மட்டும் இருந்தன.

மதியம் 2 மணிக்கு வர வேண்டிய வேன் 5.40-க்கு வந்தது. வந்த பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு கெக்கையும் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தான். சும்மா தொட்டுப் பார்த்தேன், வெயிலில் நின்ற கார் கதவு மாதிரி இருந்தது. "சூடா இருக்கேப்பா?" என்றேன். "சில்லர் இருக்குக்கா, ப்ளக் போட்டா இருபது நிமிஷத்துல ஐஸ் மாதிரி வரும்" என்றான். அப்புறம் கைபேசியை நீட்டினான். டிஓவில், அதாவது பொருளைப் பெற்றுக்கொண்ட சீட்டில், கையெழுத்துப் போட வேண்டுமாம். மேலே சின்ன எழுத்தில் என்னென்னவோ இருந்தது. சமையல்காரர் ஒரு பக்கம் பிரியாணி அண்டாவை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். விரலால் ஒரு கிறுக்குக் கிறுக்கினேன். இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு கிறுக்கலுக்காகத்தான்.

ஏழு மணிக்கு முதல் டம்ளர் பிடித்தார்கள். முக்கால் டம்ளர் நுரை, அடியில் இரண்டு விரல் பீர். சரி, முதல் டம்ளர் அப்படித்தான் என்றார்கள். இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவதும் அப்படியே. மச்சான்கள் ஆளுக்கொரு வித்தை சொன்னார்கள். டம்ளரைச் சாய்க்கச் சொன்னார் ஒருவர். பிடியைப் பாதி மட்டும் திறக்கச் சொன்னார் இன்னொருவர். அதைச் செய்தால் இன்னும் அதிகமாக நுரைத்தது.

அப்போதுதான் பெரிய மாமா எழுந்து வந்தார். வீட்டுக்காரரின் பெரியப்பா. அலெக்சாண்ட்ரா ரோட்டில் இருந்த பழைய டைகர் பீர் ஆலையில் வேலை பார்த்தவர். 1990-இல் ஆலை துவாசுக்குப் போனபோது, அவ்வளவு தூரம் முடியாது என்று வேலையை விட்டவர். ஒரு டம்ளர்தான் குடிப்பார், அதற்குள் ஆயிரம் குறை சொல்வார். அன்றைக்கு அவர் இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே புரிந்திருக்காது.

கெக்கின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். "யாரும்மா இத இப்புடி வாங்குனது?" நான் கையைத் தூக்கினேன். பொறுமையாகச் சொன்னார். பீரில் கரியமில வாயு கரைந்திருக்கிறது. குளிர்ச்சியில் அடங்கிக் கிடக்கும், சூடானால் நிற்காது, ஓடி வெளியே வரப் பார்க்கும். கெக் இரண்டு மூன்று டிகிரியில் இருக்க வேண்டும். 20 லிட்டர் சூடான கெக்கைக் குளிர்பதன அறையில் வைத்தால்கூட ஓர் இரவு வேண்டும். அந்தச் சில்லர் பெட்டிக்குள்ளே தண்ணீரும் அதில் சுருண்ட குழாயும் இருக்கின்றன. தண்ணீர் உறைந்து சுவர் கட்டினால்தான் குழாய் வழியே போகிற பீர் குளிரும். அதற்கே நேரம் பிடிக்கும். வேனில் வெந்துகொண்டு வந்த கெக்கை அதில் மாட்டி இருபது நிமிடம் என்று சொன்னவன் ஒன்று தெரியாதவன், இல்லையென்றால் தெரிந்து சொன்னவன்.

அப்புறம் குழாயின் வாயை முகர்ந்தார். முகம் போன போக்கைப் பார்த்து நானும் முகர்ந்தேன். இரண்டு நாள் வெளியே இருந்த மோர். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பைப்பக் கழுவணும். இது கழுவி எத்தன மாசமோ." சிலிண்டரைத் தரையில் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தான் பையன். அதைப் பார்த்துத்தான் பெரிய மாமாவுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. உள்ளே இருப்பது திரவம், படுக்க வைத்தால் அது ரெகுலேட்டருக்குள் ஏறிவிடும், எப்போதும் நிமிர்த்தி, விழாமல் கட்டி வைக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். மூடிய அறையில் வாயு கசிந்தால் மூச்சுக்கே ஆபத்து என்று சொல்லி ஜன்னல்களைத் திறக்க வைத்தார். குளிர்சாதனம் வீண் என்று நாத்தனார் முணுமுணுத்தார்.

பெட்ரோல் நிலையத்தில் இருந்து பத்துப் பை ஐஸ் வந்தது. பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் போடும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் கெக்கை இறக்கி, ஐஸும் தண்ணீரும் ஊற்றி, ஈரத் துண்டைப் போர்த்தினோம். காய்ச்சல் வந்த பிள்ளையைப் பார்ப்பது போல மாறி மாறிப் பார்த்தோம். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. இருபது டம்ளர் இருக்கும். அதற்குள் ஓட்டம் குறைந்து சொட்டு சொட்டாக வந்து நின்றுவிட்டது. வாயு தீர்ந்துவிட்டது.

"ரெண்டு கெக்குக்கு இது தாராளமாச்சே" என்று பெரிய மாமா சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார். மூட்டைக்கு மூட்டை நிறுத்து ஊருக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. நாத்தனார் வீட்டில் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு இருந்தது, இறக்கிக் கொண்டுவந்தார்கள். சிலிண்டரின் கழுத்தில் வெறும் சிலிண்டரின் எடை பொறித்திருக்கும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நிறுத்து, அந்த எடையைக் கழித்தால் மிச்சம்தான் வாயு. எங்களுடையதில் மிச்சம் எதுவும் இல்லை. மீட்டரில் முள் நிறையக் காட்டியதே என்று கேட்டேன். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை முள் அதே இடத்தில்தான் நிற்குமாம், நிறைய இருந்தாலும் கொஞ்சம் இருந்தாலும் ஒன்றுபோலக் காட்டும், எடைதான் உண்மை சொல்லும் என்றார். "இத வந்தவொடனே நிறுத்திருந்தா அவன் வாய அடச்சிருக்கலாம். இப்ப நீதான் தொறந்து விட்டேன்னு சொல்லுவான் பாரு." அதையேதான் சொன்னார்கள்.

வாயு இருந்திருந்தாலும் இரண்டாவது கெக் திறந்திருக்காது. அது வேறு பிராண்டு, நாங்கள் கேட்டது அல்ல. கெக்கின் தலையில் மாட்டும் கப்ளர் எல்லா பிராண்டுக்கும் ஒன்று கிடையாது. ஒன்று திருகிப் பூட்டுவது, இன்னொன்று பக்கவாட்டில் சறுக்கி உட்காருவது. வந்தது ஒரே ஒரு கப்ளர், அது முதல் கெக்குக்கு மட்டும் பொருந்தியது.

மணி 9.50. கடையில் 10.30-க்கு மேல் மது விற்க மாட்டார்கள். வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் போட்டிருந்ததால் காரைத் தொட விடவில்லை. 17 வயது மருமகன் நான் ஓடிப் போகிறேன் என்றான். பதினெட்டு ஆகாதவனுக்குக் கொடுக்க மாட்டார்கள், உட்கார் என்றோம். கடைசியில் இரண்டு மச்சான்கள் நடந்தே போய்த் தலைக்கு மூன்று டஜன் கேன் சுமந்து வந்தார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் குடித்தார்கள். எனக்குத்தான் பிரியாணி இறங்கவில்லை.

திங்கட்கிழமை அந்த 'நம்மாளு' முதல் கெக்கையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு, டெபாசிட்டில் கழித்த கணக்கை அனுப்பினார். குழாய் கழுவும் செலவு 120. வாயுவைத் திறந்து விட்டதற்கு 80. சொட்டுத் தட்டு காணாமல் போனதற்கு 60. நிர்வாகச் செலவு 40. கூட்டினால் சரியாக 300. கழுவாத குழாயைக் கொடுத்துவிட்டு அதைக் கழுவ என்னிடமே 120 கேட்ட அந்தத் தைரியத்தை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. சொட்டுத் தட்டு என்று ஒன்றை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை, டம்ளருக்கு அடியில் வைத்தது எங்கள் வீட்டு இட்லித் தட்டு. இரண்டாவது கெக்குக்குக் காசு தர முடியாது, விற்ற பீர் விற்றதுதான் என்றார். அதை எடுக்க வராமல் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, கெக் தங்கள் சொத்து, நாளுக்கு 10 வெள்ளி தாமதக் கட்டணம் என்று வேறு ஒரு வரி. நான் கேள்வி கேட்டதற்கெல்லாம் பதிலாக அந்த டிஓவை அனுப்பினார். பீர் 20 லிட்டர் இரண்டு, பிராண்டு பெயர் இல்லை. சில்லர், சிலிண்டர் 'நிறைவாக', கப்ளர், சொட்டுத் தட்டு. "அனைத்தும் நல்ல நிலையில் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்." கீழே என் கிறுக்கல்.

ஒரு நாள் அழுதேன். மறுநாள் கணக்குக்காரியாக உட்கார்ந்தேன். அந்த டிஓவின் அடியில், எறும்பு எழுத்தில், யுஇஎன் இருந்தது. பில்லில் போட மறந்ததை இதில் போட்டிருந்தார்கள். நிறுவனங்களைப் பதிவு செய்யும் அக்ராவின் தளத்தில் தேடி நிறுவனத்தின் பதிவுப் பெயரை எடுத்தேன். பெயர் தெரியாமல் யார் மேல் வழக்குப் போடுவது? அதே எண்ணை உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன், பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்யாத நிறுவனம். ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம், தாண்டாத சின்னக் கடைகள் பதியாமல் இருப்பது தப்பில்லை. பதியாமல் வரி வாங்குவதுதான் குற்றம். என் 53 வெள்ளி 10 காசு அரசாங்கத்துக்குப் போகவில்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனுப் போட்டேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளிதான். வழக்கறிஞர் கூடாது, நாமே பேச வேண்டும். நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வரி விஷயத்தைப் பார்த்ததும் நம்மாளின் குரல் இறங்கிவிட்டது. டெபாசிட் 300-ம் வரிக் காசும் திரும்ப வந்தன. தாமதக் கட்டணம் போயிற்று. இரண்டாவது கெக்கின் 210 வரவில்லை. பதிவாளர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: இது உங்கள் கையெழுத்தா? ஆமாம் என்றேன். வந்தவுடன் நிறுத்திப் பார்க்காத சிலிண்டரைப் பற்றியும் கேட்காத பிராண்டைப் பற்றியும் என்னிடம் பெரிய மாமாவின் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. பேசி முடித்துக்கொண்டேன். அதனால் பெயரை இங்கே போடவில்லை, தனியாகவும் கேட்க வேண்டாம்.

போன வாரம் அந்தக் கெக்கை எடுக்க அதே பையன் ஈசூனுக்கு வந்தான். இரண்டு மாதமாக அதன் மேல் மாமியார் மணிபிளாண்ட் வைத்திருந்தார். தொட்டியை இறக்கிவிட்டு, தலை மூடி பிரிக்காமல் இருப்பதை நான்கு பக்கமும் படம் எடுத்தேன். பையன் கைபேசியை நீட்டினான். வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "அக்கா, லிஃப்ட்டப் பிடிச்சு வச்சிருக்கேன்க்கா" என்றான். வெளியே லிஃப்ட் கத்திக்கொண்டிருந்தது. மூன்று பக்கம் இருந்தது. முதல் வரியில் இருந்து ஆரம்பித்தேன்.