'தோல்வி' என்று மட்டும் சொல்லும் கருவி: மூன்று வருட அனுபவம்

இன்னொரு அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "நீங்க வெச்சிருக்கீங்களே அந்த டெப்ளாய்மென்ட் டூல், நாங்களும் வாங்கலாமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. மூன்று வருடமாகக் காலையில் நான் முதலில் திறக்கும் திரை அதுதான். சுமார் 140 விண்டோஸ் மெஷின்கள், பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டே பேர். உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லா மெஷினிலும் சாஃப்ட்வேர் போடலாம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். நான் சொல்ல நினைப்பது அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பற்றி.

பேக்கேஜை, அதாவது போட வேண்டிய சாஃப்ட்வேரின் ஃபைலை, அனுப்பியதும், வேலை முடிந்த மெஷின் பச்சையாகும். முடியாதது சிவப்பாகி, பக்கத்தில் 'தோல்வி' என்று வரும். ஏன் தோல்வி என்று வராது. விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. 1618 என்றால் அந்த மெஷினில் வேறொரு இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அனுப்பினால் போதும். 1619 என்றால் பேக்கேஜ் ஃபைலையே திறக்க முடியவில்லை. 1603 என்றால் எங்கோ பலமாக இடறியிருக்கிறது, என்னென்ன நடந்தது என்று எழுதி வைக்கும் லாகைத் தோண்ட வேண்டும். மூன்றுக்கும் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. அந்த எண் கருவியிடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து, நான்கு திரை தாண்டிப் போனால்தான் கண்ணில் காட்டும். 23 மெஷின் சிவப்பாக நிற்கும் காலையில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு என் எரிச்சல் புரியும்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது 3010. அது தோல்வியே இல்லை. இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஒரு ரீஸ்டார்ட் பாக்கி என்று அர்த்தம். அதையும் சிவப்பில்தான் காட்டுகிறது. முதல் வருடம் இது தெரியாமல், ஏற்கெனவே ஏறிவிட்ட பேக்கேஜையே அதே மெஷினுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தேன். எண்ணைக் கண்டுபிடித்த பிறகும் நிம்மதி இல்லை. "நேத்தே ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் சார் போனேன்" என்றார் ஒரு ஊழியர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் அப் டைம், அதாவது புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஓடும் நேரம், 11 நாள் என்று இருந்தது. சீக்கிரம் எழுவதற்காக விண்டோஸில் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் முழுதாக இறங்குவதில்லை. இருந்த நிலையை டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அங்கிருந்தே எழுந்துகொள்கிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் புதிதாகத் தொடங்கும். அன்றைக்கே எல்லா மெஷினிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டேன்.

எல்லாப் பழியையும் கருவி மேல் போடுவது நியாயமில்லை. 1619 வந்ததற்குக் காரணம் நான். பேக்கேஜ் இருக்கும் இடமாக, என் மெஷினில் மேப் செய்திருந்த டிரைவை, அதாவது சர்வர் ஃபோல்டருக்கு நான் வைத்திருந்த டிரைவ் எழுத்தை, கொடுத்திருந்தேன். மற்ற மெஷின்களில் இன்ஸ்டாலேஷன் ஓடுவது என் பெயரில் இல்லை, விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் அக்கவுண்டில். என்னுடைய மேப் டிரைவ் அதற்கு எப்படித் தெரியும்? சர்வர் பெயரோடு முழுப் பாதையும் கொடுத்து, ஷேரிலும் ஃபோல்டரிலும் அலுவலக மெஷின்கள் அடங்கிய டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குழுவுக்குப் படிக்கும் அனுமதி தந்ததும் சரியாகிவிட்டது.

இன்னொரு நாள் கணக்குப் பிரிவு மெஷின் ஒன்று சிவப்புக்கும் போகாமல் பச்சைக்கும் வராமல் இரண்டு மணி நேரம் அப்படியே நின்றது. நேரில் போனேன். "திரையில ஒண்ணுமே வரலையே தம்பி" என்றார் அந்த அம்மா. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிஸ்டம் பெயரில் அந்த இன்ஸ்டாலர் உட்கார்ந்திருக்கிறது, சிபியு பூஜ்யம். யாரையும் கேட்காமல் ஓடச் சொல்லும் சைலன்ட் ஸ்விட்ச் கொடுக்க மறந்திருக்கிறேன். யாராவது 'நெக்ஸ்ட்' அமுக்குவார்கள் என்று அது காத்திருக்கிறது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே, பின்னணியில் வேலை செய்யும் சர்வீஸ்கள் ஓடும் இடமான செஷன் 0 தனி. அங்கே திறக்கும் ஜன்னல் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு வராது. தப்பு என்னுடையதுதான். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஒன்றும் நகரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

1603-க்கு மட்டும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவும். விரிவான லாகைப் போடச் சொல்லி ஓட்டுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் வரும், பயப்பட வேண்டாம். அதில் ஒரு படி தோற்றதைக் குறிக்கும் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடி, முதலில் கிடைக்கும் இடத்துக்குச் சற்று மேலே படியுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும். கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்து நான் வீணாக்கிய மாலைகள் நிறைய.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இந்தக் கருவியில் நான் எதிர்பார்க்காமல் கிடைத்த வரம், அணைந்திருக்கும் மெஷின்களுக்கான வரிசை. இரண்டு மாத விடுப்பில் போன ஒருவரின் லேப்டாப் மூடியபடி அலமாரியில் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் அனுப்பிய ஒன்பது பேக்கேஜும் அதன் பெயரில் காத்திருந்தன. அவர் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்தார். ஒவ்வொன்றாக, அனுப்பிய வரிசையிலேயே ஏறியது. புதியதை முந்திக்கொண்டு பழையது வரவில்லை, அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் திரையில் ஒன்பது பச்சை அடுத்தடுத்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பெல்லாம் இதற்காகப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறுவோம். இது இல்லாத பழைய நாட்களுக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

இவ்வளவையும் நினைத்துப் பார்த்துவிட்டு நேற்று நண்பரைக் கூப்பிட்டு, அந்த லேப்டாப் கதையையும் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம் என்றேன். "இவ்வளவு நல்லதா சொல்றீங்க, அப்புறம் ஏன்?" என்றார். அதற்கு முந்தைய இரவு 11 மணிவரை சிவப்பு மெஷின்களை ஒவ்வொன்றாகத் திறந்து எண் பார்த்துக்கொண்டிருந்தேன். 31 சிவப்பில் 26 வெறும் 3010. போன மாதம் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன். எண்ணை முதல் திரையிலேயே காட்டுங்கள் என்று தயாரித்தவர்களுக்கு நான்கு முறை எழுதிவிட்டேன், இன்று ஐந்தாவதையும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் அதைச் செய்யும் அன்று நானே நண்பரைக் கூப்பிட்டு என் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.