மான்களின் நேரமாற்றத்தைப் பதிவுசெய்த காட்டுக் கேமரா

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓக் மரக்காட்டில், வெப்பத்தையும் அசைவையும் உணர்ந்து தானாகப் படமெடுக்கும் இந்தக் கேமராவை அக்டோபரில் கட்டிவைத்தேன். வெண்வால் மான்கள் விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். முதல் வாரங்களின் படங்களும் அவ்வாறே அமைந்தன. நவம்பரின் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளை அடுத்த சனிக்கிழமை (2019 முதல் இங்கே மான்களுக்கான துப்பாக்கி வேட்டை அன்றுதான் தொடங்குகிறது) காட்டில் ஆள் நடமாட்டமும் வெடிச்சத்தமும் கூடியதும், பகல் படங்கள் ஏறத்தாழ நின்றேபோயின. மான்கள் இடத்தைக் காலிசெய்துவிடவில்லை. பகலில் திறந்த வெளியைத் தவிர்த்து, புதர் மண்டிய சரிவில் பதுங்கியிருந்துவிட்டு, நன்றாக இருட்டிய பிறகே ஓக் கொட்டை பொறுக்க வந்தன என்பதைப் படங்களில் பொறித்திருந்த நேரமே காட்டியது. இரவு 11.40 மணிப் படமொன்றில், ஒரு பெட்டை மான் காதுகளை விறைத்து, முன்னங்காலைத் தூக்கியபடி கேமராவையே பார்க்கிறது.

அந்தப் பார்வைக்குக் கேமராவின் குறையே காரணமாயிருக்கலாம்: இரவில் படமெடுக்கையில் அதன் அகச்சிவப்பு விளக்குகள் மங்கலாகச் சிவந்து ஒளிர்கின்றன. மான்கள் இரவில் மட்டுமே வெளிவரும் வேட்டைக் காலத்தில் அவற்றைக் கவனிப்பதற்கு, ஒளி வெளியே தெரியாத வகையே ஏற்றது. சாதாரண ஆல்கலைன் பேட்டரிகள் டிசம்பர்க் குளிரில் விரைவில் தளர்ந்தன. குளிரை நன்கு தாங்கும் லித்தியம் பேட்டரிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிட்டு வாங்குங்கள்.